பாறைக்கருப்புக்கு வைத்த காகிதம்

சித்துக்கல்பட்டிக்கு மேற்கே, வடமதுரைக்குப் போகிற வண்டிப்பாதை ஓரத்தில் இரண்டு ஏக்கர் கல்லாங்காடு கிடந்தது. ஆடுகூட அங்கே வாய் வைக்க யோசிக்கும். ஐம்பத்துநாலாம் வருஷம் நிலமில்லாதவர்களுக்குச் சர்க்கார் தரிசு பிரித்துக் கொடுத்தபோது, அந்த இரண்டு ஏக்கர் உடையப்பன் பேருக்கு விழுந்தது. பட்டாவை மடித்து மடியில் கட்டிக்கொண்டு அவன் ஊருக்குள் வந்த அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். கல்லை அவித்துத் தின்னப் பழகிக்கொள் என்றார்கள். உடையப்பனும் சேர்ந்து சிரித்தான். அவனுக்கு யார்மேலும் கோபம் வராது.

அவன் பெண்டாட்டி சண்முகவள்ளி சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் கூழ்ச்சட்டியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு அவள்தான் முன்னே நடந்தாள்.

மேலே கிடந்த கல்லைப் பொறுக்கி வரப்பாக அடுக்கவே ஒரு வருஷம் போயிற்று. அதற்குப் பிறகு கிணறு. ஆறு முழத்துக்குக் கீழே ஒரே பாறை. பகலெல்லாம் ஊரில் கூலி வேலை, சாயங்காலம் இருட்டுகிறவரை கிணறு. உடையப்பன் உளி பிடித்துக் குழி போடுவான். மருந்து கெட்டித்து வெடி வைப்பான். சிதறிய கல்லைக் கூடையில் அள்ளி சண்முகவள்ளி தலையில் வைத்து ஏறுவாள். நாலு கோடை. மூன்றாவது கோடையில், வெடித்து அசைந்து நின்ற கல் ஒன்று ராத்திரி மழையில் இளகி, காலையில் இறங்கினவன் இடுப்பில் விழுந்தது. உயிர் தங்கியது, இடுப்பு தங்கவில்லை. அன்றிலிருந்து உடையப்பனுக்குக் கயிற்றுக்கட்டில்தான் காடும் கரையும்.

கடைசி ஐந்து முழத்தை சண்முகவள்ளி ஆள் வைத்து வெட்டினாள். நாலாவது கோடையில், சித்திரை மாதம், மேற்கு மூலையில் ஊசி போல ஒரு ஊற்று பீச்சியது. செம்பில் பிடித்து ஓட்டமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷன் வாயில் ஊற்றினாள். சித்துக்கல்பட்டியில் எந்தக் கிணற்றுத் தண்ணீரும் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. உடையப்பன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் படுத்திருந்தான். "இளநி கணக்கா இருக்கு" என்றான்.

மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கக் கமலை கட்டினார்கள். கடன்பட்டு ஒரு சோடி மாடு பிடித்தார்கள். அந்த வருஷமே அரை ஏக்கர் வெங்காயமும் வரப்பெல்லாம் மொச்சையும் நின்றன. சிரித்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறு வருஷம் மாசி மாதம், வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த அன்றைக்கு ஊர்த் தலையாரி சடையாண்டி வரப்பில் வந்து நின்றான். கையில் ஒரு காகிதம். அதைக் கொடுக்காமல் செத்த நேரம் வெங்காயத்தைப் பற்றியே பேசினான். காய் நல்ல பருமன் என்றான். மழை பெய்யாமல் இருந்தால் தேவலை என்றான். பிறகு, "நான் கொண்டாந்து குடுக்குறவந்தான் தங்கச்சி, எம்மேல வருத்தப்படாத" என்று காகிதத்தை அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

நிலத்தைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொண்டதாகத் தாசில்தார் போட்ட உத்தரவு அது.

அதைப் படித்துச் சொன்னவர் மிக்கேல்ராஜ். திண்டுக்கல்லில் சர்க்கார் கச்சேரிகளுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர். மலைக்கோட்டை நிழல் எட்டாத ஒரு வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து, தகரப்பெட்டியை மடியில் வைத்து எழுதுவார். பேனாவை மையில் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். அவர் சொன்ன விஷயம் இதுதான்: பட்டா கொடுத்த மூன்று வருஷத்துக்குள் நிலத்தில் பயிர் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. கிராமக் கணக்கில் மூன்று வருஷமும் தரிசு என்றே எழுதியிருக்கிறது. அதே ஊர் பெருமாள்சாமி, நிலம் சும்மா கிடக்கிறது, நிலமில்லாத தன் மருமகனுக்குக் கொடுக்க வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறார். அதன்பேரில் விசாரித்ததில் பட்டா ரத்து.

பெருமாள்சாமி யாரோ எவரோ அல்ல. பக்கத்துத் தோட்டக்காரர். உடையப்பனுக்கு மாமன் முறை. கல் விழுந்த அன்றைக்கு வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான்.

சண்முகவள்ளி முதலில் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கேட்டாள். மூன்று வருஷமும் தலை தேயத் தேயக் கல் சுமந்ததை அவர் பார்க்கவில்லையா என்று கேட்டாள். கணக்குப்பிள்ளை கெட்டவர் அல்ல. பயிர்க் கணக்கு எழுதும் அடங்கல் நோட்டை எடுத்து வந்து அவளுக்கு முன்னால் விரித்தே வைத்தார்.

"பாரு தாயி. பயிர் நின்னா என்ன பயிர்னு எழுத ஒரு கட்டம் இருக்கு. பயிர் இல்லைன்னா தரிசு. கெணறு வெட்டிக்கிட்டு இருந்தாகன்னு எழுத இதுல எங்க கட்டம் இருக்கு, நீயே சொல்லு."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தக் கோடுகளையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தாள். நிஜமாகவே இடம் இல்லை போலத்தான் இருந்தது.

அடுத்துத் தாசில்தாரைப் பார்த்தாள். இரண்டு நாள் காக்க வைத்து, மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள். உத்தரவு போட்டாயிற்று, இனி மேலே ரெவின்யூ கோட்ட அதிகாரி ஆர்.டி.ஓ.விடம் அப்பீல் செய்துகொள் என்றார். அவர் சொன்னபடியே மிக்கேல்ராஜ் அப்பீல் எழுதினார். ஆர்.டி.ஓ. விசாரணைக்குக் கூப்பிட்டார். அவள் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் கல் கூடையின் தழும்பு கறுத்துக் கிடந்தது. அவர் சின்ன வயசுக்காரர். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ எழுதிக்கொண்டார். நல்லது நடக்கும் என்று அவள் நினைத்தாள்.

ஆடிக் கடைசியில் தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்தார். பள்ளிக்கூட வாத்தியார் இங்கிலீசில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "தள்ளிட்டாங்க" என்று ஒரே வார்த்தை சொன்னார். கீழே இன்னும் ஏதோ இரண்டு வரி இருந்தது. அவருக்கு வகுப்புக்கு மணியடித்துவிட்டது.

இங்கேதான் அந்த ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

சித்துக்கல்பட்டிக்குத் தெற்கே ஒரு மொட்டைப்பாறை. அதன் அடியில் பாறைக்கருப்பு. கோயில் என்று கட்டடம் கிடையாது. ஆளுயர அரிவாள் இரண்டும் ஒரு பலகைக்கல்லும்தான். அநியாயம் நடந்தால் அங்கே பிராது வைப்பார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் வைத்துவிட முடியாது. அநியாயம் செய்தவனை நேரில் பார்த்து மூன்று தடவை கேட்க வேண்டும். மூன்று தடவையும் அவன் மறுத்தால்தான் கருப்பு காது கொடுக்கும். பூசாரி முனியப்பன் கற்பூரத்தைக் கொளுத்துவதற்கு முன் அதைத்தான் கேட்பார். ஆமாம் என்றால், பிராதைப் பலகைக்கல்லுக்கு அடியில் வைத்துவிடலாம். வைத்தபின் நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம், அதை யாரும் தொடக்கூடாது. அந்த விஷயத்தை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. சொன்னால், மனிதனை நம்புகிறவன் மனிதனிடமே போகட்டும் என்று கருப்பு கையை உதறிவிடும். தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் ஜனங்கள் கட்டுப்பட்டு வந்த சட்டம் அது.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை, ஈரத்துணியோடு சண்முகவள்ளி பாறையடிக்குப் போனாள். மஞ்சள் துணியில் அந்தப் பழுப்பு உறையை முடிந்திருந்தாள்.

"மூணு வாட்டி கேட்டாச்சா?" என்றார் முனியப்பன்.

அவள் மனசுக்குள் எண்ணினாள். கணக்குப்பிள்ளை ஒன்று. தாசில்தார் இரண்டு. ஆர்.டி.ஓ. மூன்று.

"கேட்டாச்சுண்ணே" என்றாள்.

யாரைக் கேட்டாய் என்று பூசாரி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வயசானவர், அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் வேறு. கல்லைத் தூக்கிக் காகிதத்தை வைத்து, அவள் நெற்றியில் திருநீறு பூசினார். அவள் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது, வருஷக்கணக்காகத் தலையிலிருந்த கூடையை யாரோ இறக்கி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

நாற்பத்தெட்டு நாளும் அவள் ஒரு வேளைதான் சாப்பிட்டாள். கருவாட்டு வாசம் வீட்டுக்குள் வரவில்லை. கமலை ஓட்டினாள், பாத்தி கட்டினாள், உடையப்பனைப் புரட்டிப் படுக்க வைத்து எண்ணெய் தேய்த்தாள். நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள். நடுவில் ஒரு தடவை சந்தைக்குப் போனபோது மிக்கேல்ராஜ் எதிரே வந்தார். ஆர்.டி.ஓ. உத்தரவு வந்ததா என்று கேட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போனாள். அவர் வெகுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தப்பு செய்தோம் என்று அன்றைக்குப் பூராவும் யோசித்ததாகப் பின்னால் சொன்னார்.

புரட்டாசி முடிகிற சமயம் மண்டலம் முடிந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு, சாமி இனி வழி காட்டும் என்ற திடத்தோடு வேப்பமரத்தடிக்கு வந்தாள். மிக்கேல்ராஜ் படித்தார். உறைமேலிருந்த தபால் முத்திரையைப் பார்த்தார். மறுபடி படித்தார். பேனாவைப் பெட்டிக்குள் வைத்தார்.

"தாயி, இது எப்ப வந்துச்சு?"

அவள் சொன்னாள். மண்டலத்தையும் சொன்னாள்.

"முப்பது நாளைக்குள்ள கலெக்டருக்கு அப்பீல் பண்ணலாம்னு அடியில போட்டுருக்கே. ரெண்டு வரி. இம்புட்டு நாள் இதக் கல்லுக்கு அடியிலயா வச்சுருந்த?"

"ஆர்.டி.ஓ. வரைக்கும் கேட்டாச்சேங்கய்யா. அதுக்கு மேலயும் ஆளு இருக்காகளா?"

மிக்கேல்ராஜ் தகரப்பெட்டியை மூடினார். அன்றைக்கு வேறு யாருக்கும் அவர் மனு எழுதவில்லை. சாக்கைச் சுருட்டிக்கொண்டு அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி லூர்தம்மாள், விஷயம் என்னவென்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் சோறு போட்டாள். கத்தரிக்காய் வெஞ்சனம் வைத்தாள். சண்முகவள்ளி முதல் கவளத்தை எடுத்து வாய்வரை கொண்டுபோய், கையை அப்படியே வைத்துக்கொண்டு அழுதாள். லூர்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, எச்சில் கையென்று பாராமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கலெக்டருக்கு மனுப் போனது. தாமதத்தை மன்னிக்க வேண்டும் என்று மிக்கேல்ராஜ் தனியாக ஒரு பக்கம் எழுதினார். கருப்புசாமியைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று அவருக்குப் பெரிய குழப்பம். எழுதாவிட்டால் காரணம் இல்லை, எழுதினால் சிரிப்பார்கள். கடைசியில், மனுதாரர் மத நம்பிக்கையின் காரணமாக என்று பொதுவாக எழுதிவைத்தார். சண்முகவள்ளி மதுரைக் கலெக்டர் கச்சேரியில் மூன்று நாள் காத்துக் கிடந்தாள். அங்கே ஒரு டவாலிச் சேவகர், வெயிலில் நிற்காதே அம்மா என்று தன் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். கார்த்திகையில் மனு திரும்பி வந்தது. காலங்கடந்தது, ஏற்பதற்கில்லை என்று ஒரு வரி.

இனி கோர்ட்டுதான் என்றார்கள். ஞானராஜ் என்று ஒரு இளம் வக்கீல், மிக்கேல்ராஜோடு ஒரே மாதாகோயிலுக்குப் போகிறவர். மதராஸ் ஐகோர்ட்டில் ரிட்டு மனுப் போடலாம், தனக்கு எதுவும் வேண்டாம், போக்குவரத்துக்கும் ஸ்டாம்புக்கும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு மாடுகள் போயின. நத்தத்து வியாபாரி வந்து கயிற்றைக் கை மாற்றினபோது, செவலை மாடு கிணற்றுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கமலை நின்றது. தை மாத வெங்காயம் தாளிலேயே மஞ்சளாகிச் சாய்ந்தது. தண்ணீர் கிணறு நிறைய நின்றுகொண்டிருந்தது.

மதராஸுக்கு ரயிலில் சண்முகவள்ளியும் மிக்கேல்ராஜும் போனார்கள். கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தது லூர்தம்மாள். உடையப்பனைப் பார்த்துக்கொள்ள, கேட்காமலே சடையாண்டி வந்து கட்டில் பக்கத்தில் துண்டை விரித்துவிட்டான். காகிதம் கொண்டுவந்து கொடுத்த கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்றானாம்.

சிவப்புக் கட்டடம். திருவிழாக் கூட்டம் மாதிரி கறுப்புக் கோட்டு ஜனம். சண்முகவள்ளி பின்சுவரோரம் நின்றாள். நீதிபதி உயரத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் களைத்த முகம். ஞானராஜ் எழுந்து பேசினார். நீதிபதி ஒன்று கேட்டார். ஞானராஜ் பதில் சொன்னார். இன்னொன்று கேட்டார். ஞானராஜின் குரல் இறங்கியது. ஒரு கட்டத்தில் நீதிபதி தலையை நிமிர்த்தி, கூட்டத்தில் தேடி அவளைப் பார்த்தார். அவள் கும்பிட்டாள். அவர் பார்வை கொஞ்ச நேரம் அவள்மேல் நின்றது. பிறகு மெதுவாக, எதிரே இருந்தவரிடம் சொல்வதுபோல் ஏதோ சொன்னார். அதை ஒருவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். கிணறு வெட்ட நாலு கோடை; இதற்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

வராந்தாவில் வைத்து ஞானராஜ் சொன்னார். அவருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீங்க பட்ட கஷ்டத்த அவங்க இல்லைன்னு சொல்லலைம்மா. ஆனா சர்க்காருக்குள்ளயே கேக்க வேண்டிய ஆளுங்க இருக்காங்க. கலெக்டர், அவருக்கு மேல ரெவின்யூ போர்டு. அங்கெல்லாம் கேட்டு முடிச்சுட்டுத்தான் இங்க வரணும். அதுதான் இங்க முறை."

"கலெக்டரக் கேட்டமேங்க."

"நாள் தவறிக் கேட்டோம். நாள் தவறிக் கேட்டா, கேட்டதாக் கணக்கு இல்ல. போர்டுக்கு வேணும்னா இப்ப எழுதிப் பாருங்கன்னு சொல்லியிருக்காங்க."

மிக்கேல்ராஜ் எதிர்பார்த்தது அவள் தலையிலடித்துக்கொண்டு அழுவாள் என்று. அவள் அழவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாயந்தானுங்களே" என்றாள். "கேக்க வேண்டிய எடத்துல கேட்டியான்னுதான எங்க கருப்பும் மொதல்ல கேக்கும். நாந்தான் மூணோட எண்ணிக்கிட்டு நிறுத்திப்புட்டேன்."

 அவளுக்குக் கோர்ட்டுமேல் கோபம் இல்லை, கருப்புமேலும் இல்லை. கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட அந்தப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

போர்டுக்கு எழுதினார்கள். மாசி, பங்குனி, சித்திரை. ஒவ்வொரு நாளும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு அவள் பாதையில் நிற்பாள். அவர் தூரத்திலேயே கையை ஆட்டிவிடுவார், அவள் அதுவரை நடந்து வந்து ஏமாற வேண்டாம் என்று. வைகாசியில் ஒருநாள் அவர் கையை ஆட்டவில்லை. தலையிட முகாந்திரம் இல்லை என்று எழுதியிருந்தது.

ஆனி மாதம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து சங்கிலி போட்டு அளந்து, பெருமாள்சாமியின் மருமகனுக்கு நிலத்தை ஒப்படைத்தார். சண்முகவள்ளி போகவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். சங்கிலி கல்லில் இழுபடுகிற சத்தம் அங்கே கேட்க வழியில்லை. ஆனாலும் கேட்டதாக அவளுக்குத் தோன்றியது. உடையப்பன் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான்.

அதற்குப் பிறகு அவன் தேறவில்லை. முதுகில் புண் வைத்தது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கூழைக் கரைத்துக் கொடுத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் காலையில், அவள் உதட்டை நனைத்துவிட்டபோது முகத்தைச் சுளித்தான்.

"உப்புக் கரிக்குது வள்ளி. நம்ம கெணத்துத் தண்ணி ஒரு செம்பு கிடைக்குமா?"

அவன் எதையும் கேட்கிறவன் அல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் ஒன்றும் கேட்டதில்லை.

குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கால் தானாகத் தெற்கே, பாறையடிப் பக்கம் நாலு எட்டு வைத்தது. நின்றாள். முனியப்பன் கேட்கும் கேள்வி காதில் விழுந்தது. மூணு வாட்டி கேட்டாச்சா? யாரைக் கேட்டேன் என்று அவள் அப்போதுதான் தன்னையே கேட்டாள். கணக்குப்பிள்ளையைக் கேட்டாள், அவர் எழுதினவர். தாசில்தாரைக் கேட்டாள், ஆர்.டி.ஓ.வைக் கேட்டாள், அவர்கள் உத்தரவு போட்டவர்கள். மதுரை, மதராஸ் வரை போய்க் கேட்டாள். அநியாயம் செய்தவனை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும் என்பதுதானே வழக்கம்? இருபது வீடு தள்ளி இருக்கிற பெருமாள்சாமியை அவள் ஒருதடவையும் கேட்கவில்லை. மனுப் போட்டவர் அவர் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் வாசலை மிதிப்பதில்லை என்று வைராக்கியம் வைத்திருந்தாள். எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போவாள். அது கேட்டதாகாது.

மேற்கே திரும்பி நடந்தாள்.

கிணற்றில் கமலை ஓடிக்கொண்டிருந்தது. பெருமாள்சாமியே மாடு ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒச்சம்மாள் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தாள். சண்முகவள்ளியைப் பார்த்ததும் பெருமாள்சாமி மாட்டை நிறுத்தினார். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். 

"மாமா" என்றாள் அவள். வருஷம் ஒன்றரை ஆகிவிட்டது அந்த வார்த்தை அவள் வாயில் வந்து. "அவருக்கு முடியல. இந்தத் தண்ணி கேக்குறாரு. ஒரு கொடம் மோந்துக்கிறட்டுமா?"

பெருமாள்சாமி மாடுகளைப் பின்னுக்குத் தள்ளிக் கமலை வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். நிறைந்து மேலே வந்ததைத் தொட்டியில் கொட்டாமல் கையால் நிறுத்திப் பிடித்தார். ஒச்சம்மாள் ஓடிவந்து குடத்தை வாங்கி, மணலும் சாம்பலும் போட்டுத் துலக்கி, ததும்பத் ததும்பப் பிடித்தாள்.

"நீ வந்து ஒரு வார்த்தை கேப்பன்னு பாத்தேன்" என்றார் பெருமாள்சாமி, மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு. "என்ன மாமா இப்படிப் பண்ணிப்புட்டீகன்னு, வாசல்ல வந்து ஒரு வார்த்தை. நீ கச்சேரி கச்சேரியா போன. நானும் வீம்புக்கு நின்னுட்டேன்."

"கேட்டுருந்தா மனுவத் திருப்பி வாங்கியிருப்பீகளா?"

அவர் உடனே பதில் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றால் அவருக்குப் பெருமை. இல்லை என்றால் அவளுக்கு மனசு ஆறும். பெருமாள்சாமி இரண்டையும் சொல்லவில்லை.

"தெரியல ஆத்தா. வாங்கியிருப்பேன்னு சொன்னா அது பொய்யாவும் இருக்கும். வாங்கியிருக்கமாட்டேன்னு சொல்லவும் நாக்கு வரல. இப்ப அது மருமகன் பேருக்குப் போயிருச்சு. எங் கையில இல்ல." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தெனமும் வந்து மோந்துக்க. நான் ஓட்டுற நாளு வரைக்கும் யாரும் உன்ன ஏன்னு கேக்கமாட்டாக."

ஒச்சம்மாள் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்காமல் வரப்பு முடிகிறவரை கூடவே குடத்தைத் தாங்கிக்கொண்டு வந்தாள்.  வரப்புக் கல்லெல்லாம் சண்முகவள்ளி அடுக்கியது. ஓரிடத்தில் ஒன்று சரிந்து கிடந்தது. அவள் பழக்கத்தில் குனியப் போனாள். குடம் இருந்ததால் குனிய முடியவில்லை. ஒச்சம்மாள் குனிந்து எடுத்து அதன் இடத்தில் வைத்தாள்.

வீட்டில் உடையப்பன் கண் திறந்தபடி கிடந்தான். சண்முகவள்ளி அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு செம்பைச் சாய்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது. ஒரு வாய். இன்னொரு வாய். கடைவாயில் வழிந்ததை அவன் வீணாக்காமல் நாக்கால் தடவி எடுத்தான்.

"நம்மதுதான்" என்றான். அவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. பிறகு பயந்தவன்போல அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். "தெரியாம மோந்தியா?"

"இல்ல. கேட்டு வாங்கியாந்தேன்."

"யார்ட்ட?"

"மாமாகிட்ட."

உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து அவள் செம்பைக் கீழே வைத்தாள். வெளியே ஆடிக்காற்று மண்ணை வாரிக் கூரையில் இறைத்துக்கொண்டிருந்தது.

"எத்தன வாட்டி கேட்ட?" என்றான்.

சண்முகவள்ளி அவன் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணை ஈரக்கையால் துடைத்தாள்.

"ஒரு வாட்டிதான்" என்றாள்.